கால் வட்டத்தில் தேறிய ஃபைபர்

1. துடைக்காதீங்க

அந்த லேபில் சேர்ந்த முதல் நாள், நான் வேலையைத் தொடங்கும் முன்பே ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

அதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் சாதாரண ஃபைபரோடு குப்பை கொட்டியவள் நான். டெலிபோன், இன்டர்நெட் கேபிளுக்குள் ஓடுகிற கண்ணாடி இழைதான் ஃபைபர். அதை வெட்டினால் நுனியை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், பிறகுதான் அளக்கும் மெஷினில் வைக்க வேண்டும். துடைக்காமல் வைத்தால் சீனியர்கள் கண்டபடி திட்டுவார்கள். அந்தத் திட்டுக்குப் பயந்து பயந்து, கை தானாகவே துணியைத் தேடும் அளவுக்குப் பழகியிருந்தேன்.

திருச்சியில் புதுக்கோட்டை ரோட்டில் இருந்த ஒரு தனியார் ஆராய்ச்சி நிலையத்தில் அளவீட்டுப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று என்னை எடுத்திருந்தார்கள். மேஜைமேல் ஒரு துண்டு ஃபைபர் இருந்தது. பழக்கதோஷத்தில் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

“மேடம், துடைக்காதீங்க,” என்று பின்னாலிருந்து வந்து கையைப் பிடித்தார் ஒருவர். பிறகு சட்டென்று விட்டுவிட்டு, “மன்னிச்சுக்குங்க. இது உள்ள ஓட்டைங்க. ஆல்கஹால் பட்டா உறிஞ்சிக்கும். அப்புறம் அந்தத் துண்டு குப்பைக்குத்தான்” என்றார்.

அவர்தான் இளங்கோ. ஃபைபர் இழுக்கும் டவருக்கு இன்ஜினியர். லால்குடிக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கலாம். வடக்கே ஒரு பெரிய ஃபைபர் தொழிற்சாலையில் நல்ல சம்பளத்தில் இருந்தவர். அதை விட்டுவிட்டு இங்கே ஒப்பந்த வேலைக்கு வந்திருந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

“அங்க இழுக்கிறது எல்லாம் ஏற்கனவே தெரிஞ்ச ஃபைபருங்க. பட்டனைத் தட்டினா கிலோமீட்டர் கணக்குல வரும். இது அப்படியில்ல” என்றார்.

இதில் என்ன விசேஷம் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஃபைபரில் வெளிச்சம் கண்ணாடிக்குள்ளேயே போகிறது. எவ்வளவு சுத்தமான கண்ணாடியாக இருந்தாலும் கொஞ்சம் வெளிச்சத்தை அது தின்றுதான் தீரும். அதனால் நடுவில் கண்ணாடியே இல்லாமல் காற்று மட்டும் இருந்தால் என்ன என்று யோசித்தார்கள். அதுதான் ஹாலோ கோர். நடு ஓட்டையைச் சுற்றி ஆறு மெல்லிய கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொரு குட்டிக் குழாய். இந்தக் குழாய்ச் சுவர்கள் வெளிச்சத்தை வெளியே விடாமல் நடுவுக்கே திருப்பி அனுப்பும். சுவரின் கனம் தலைமுடியில் நூற்றில் ஒரு பங்கு. மொத்த ஃபைபரே இரண்டு மூன்று முடிக் கனம்தான் இருக்கும். அதற்குள் இத்தனை குழாயும், ஒன்றோடொன்று ஒட்டாமல், கிலோமீட்டர் நீளத்துக்கு.

எங்களுக்குக் கொடுத்த இலக்கு கிலோமீட்டருக்கு ஒரு டிபி. அதாவது உள்ளே விட்ட வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மட்டும் ஒரு கிலோமீட்டரில் தொலையலாம். வெளிநாட்டில் இதைவிட எவ்வளவோ குறைத்துவிட்டார்கள். எங்கள் வசதிக்கு ஒன்று என்பதே பெரிய விஷயம்.

ஒரு டிபிக்குக் கீழே ஒரு ஃபைபர் இழுத்துக் காட்டினால் இளங்கோவுக்கு வேலையை நிரந்தரமாக்குவதாக டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். இளங்கோ அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. “நிரந்தரமெல்லாம் ரெண்டாவதுங்க மேடம். ஒண்ணுக்குக் கீழ ஒரு தடவை பாத்துடணும்” என்பார்.

2. மெல்லிசும் தடிசும்

டிசைன் பிரிவின் தலைவர் சம்பத் சார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு. காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் திருமண் காயும் முன்பே ஸ்கூட்டரில் வந்துவிடுவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கணக்கில் அவரை மிஞ்ச எனக்குத் தெரிந்து ஆள் இல்லை. இதைச் சொல்லிவிடுவது என் கடமை, ஏனென்றால் அவரைக் கெட்டவராக வைத்து இந்தக் கதையைப் படித்தால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

டிசைன் என்பது முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை. ஃபைபரைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு படம் வரைய வேண்டும். குழாய் எவ்வளவு பெரியது, சுவர் எவ்வளவு கனம், பக்கத்துக் குழாய்க்கு எவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தால், வெளிச்சம் எவ்வளவு கசியும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். சுவர் அத்தனை மெல்லியது என்பதால் படத்தை லட்சக்கணக்கான சின்னச் சின்ன முக்கோணங்களாக நறுக்கித்தான் கணக்குப் போட முடியும். எங்கள் மெஷினுக்கு அதற்குரிய மெமரி கிடையாது. முழு வட்டத்தைக் கொடுத்தால் பாதியில் நின்றுவிடும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆறு குழாய் வைத்த ஃபைபரில் நெடுக்கே ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் போட்டால், நான்கு பகுதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். ஒரு கால் பகுதியை மட்டும் வரைந்து கொடுத்தால் போதும், மீதி மூன்றும் அப்படியேதான் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். வேலை சீக்கிரம் முடியும். இது திருட்டு வழி அல்ல, இந்தத் துறையில் எல்லோரும் செய்வதுதான். எங்கள் லேபில் ‘கால் போட்டுப் பாருங்கோ’ என்பது தினசரிப் பேச்சு.

ஐந்து குழாய் வைத்துப் பார்க்கலாமே என்று ஒருமுறை நான் கேட்டேன்.

“அஞ்சு வெச்சா கால் வராது ஸ்டெல்லா, பாதி வரையணும். மெஷின் தாங்காது. ஆறே இருக்கட்டும்,” என்றார் சம்பத் சார்.

ஃபைபருக்கு எத்தனை குழாய் வேண்டும் என்பதை மெஷினின் கொள்ளளவு தீர்மானிக்கிறது என்று அன்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

கடைசியில் இரண்டு டிசைன் மிஞ்சின. ஒன்றில் சுவர் மிக மெல்லியது, குழாய்கள் பெரியவை, இடைவெளி மிகக் குறுகல். அதை மெல்லிசு என்போம். இன்னொன்றில் சுவர் தடிப்பு, இடைவெளி கொஞ்சம் தாராளம். அது தடிசு. கால் வட்டக் கணக்கில் இரண்டுமே ஒன்றுக்குக் கீழேதான் வந்தன. ஆனால் மெல்லிசில் வந்த வெளிச்ச நஷ்டம் தடிசில் வந்ததில் மூன்றில் ஒரு பங்கு. யாராக இருந்தாலும் மெல்லிசைத்தான் எடுப்பார்கள். எடுத்தோம். தடிசைத் தூக்கிப் போட்டோம்.

3. ஏசியை அணைத்துவிட்டு

இனி வருவது நான்கு வருஷத்துக் கதை. அதில் நல்ல நாள் என்று சொல்ல அதிகம் இல்லை.

டவர் என்பது இரண்டு மாடி உயரம். உச்சியில் சுமார் இரண்டாயிரம் டிகிரியில் ஒரு உலை. முதலில் பென்சில் கனமுள்ள கண்ணாடிக் குழாய்களை ஒரு பெரிய குழாய்க்குள் கையால் அடுக்க வேண்டும். அதை உலையில் விட்டு இழுத்தால் மெலிந்து குச்சியாகும். குச்சியை இன்னொரு குழாய்க்குள் விட்டு மறுபடி இழுத்தால் ஃபைபர். இழுக்கும்போது உள்குழாய்களுக்குள் வாயு அழுத்தம் கொடுக்க வேண்டும். அழுத்தம் கூடினால் குழாய் உப்பிப் பக்கத்துக் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் சுருங்கும்.

இளங்கோ அடுக்கும் அறையில் ஏசி ஓடக் கூடாது. அந்தக் காற்றுக்கே மெல்லிய குழாய் அசைகிறது என்பார். திருச்சி வெயிலில், கதவைச் சாத்திக்கொண்டு, தலையிலிருந்து பாதம்வரை மூடும் உடுப்பைப் போட்டுக்கொண்டு, நாள் முழுக்க அடுக்குவார். வெளியே வந்தால் உடுப்பைப் பிழியலாம். அடுக்கும்போது யாரும் பக்கத்து அறையில்கூட நாற்காலியை இழுக்கக் கூடாது. எங்கள் லேபில் ஆயுத பூஜைக்கு டவருக்குப் பொட்டு வைப்பதில்கூட அவர் பேச்சுதான். தூசியே படக் கூடாத அந்த கிளீன் ரூமுக்குள் சந்தனம் குங்குமம் எதுவும் வரக் கூடாது என்பதால் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுக் கும்பிடுவோம்.

அவர் இழுத்து முடித்தால் என் வேலை தொடங்கும். ஃபைபர் நல்லதா என்று தெரிய அதை வெட்ட வேண்டும். முழு நீளத்தில் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று பார்த்துவிட்டு, வெளிச்சம் உள்ளே போகிற முனையை அசைக்காமல், சில மீட்டர் மட்டும் விட்டு வெட்டி, மறுபடி பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வழியில் தொலைந்த வெளிச்சம். இதற்குக் கட்பேக் என்று பெயர்.

முதலில் முப்பது டிபி. பிறகு இருபது. பிறகு பன்னிரண்டு. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. ஒவ்வொரு முறையும் நான்தான் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்க்காமல் சொல்லப் பழகினேன். என் அறைக்கு யாரும் டீ குடிக்க வருவதில்லை, வந்தால் எண்ணைக் கேட்க வேண்டியிருக்கும்.

சம்பத் சார் எண்ணைக் கேட்டுக்கொண்டு தன் திரையைப் பார்ப்பார். அங்கே கால் வட்டம் அழகாக, ஒன்றுக்கு வெகு கீழே நிற்கும். “கணக்கு சரியாத்தான் இருக்கு. இழுக்கறச்சே எங்கயோ விட்டுப்போறது,” என்பார். குற்றமாகச் சொல்ல மாட்டார், நிஜமான வருத்தத்தோடு சொல்வார்.

இளங்கோவும் அதையே நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “என் கையிலதான் என்னமோ இருக்குதுங்க சார். அடுத்த தடவ உலைக்குள்ள குச்சி எறங்குற ஃபீடை இன்னும் மெதுவா விட்டுப் பாக்குறேன்” என்பார். நான்கு வருஷத்தில் அவர் சாப்பாட்டு நேரம் மாறியது, பேச்சு குறைந்தது. தங்கை கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மறுநாள் வந்துவிட்டார், குச்சி உலையில் ஏற்றத் தயாராக இருக்கிறது என்று.

4. கடைசி அடுக்கு

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் அந்தக் கண்ணாடிக் குழாய் இன்னும் ஒரு அடுக்குக்குத்தான் இருக்கிறது என்று ஸ்டோரில் சொன்னார்கள். புதிதாக வாங்க டைரக்டர் ஒப்பவில்லை. அடுத்து மறுபரிசீலனைக் கமிட்டி வருகிறது, இதில் ஒன்றுக்குக் கீழே வரவில்லை என்றால் டவரை மூடிவிடுவேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். டவரை மூடினால் இளங்கோவின் ஒப்பந்தமும் முடிந்தது. இந்த டவருக்காக அவர் விட்டுவந்த வேலைக்கு இனி யாரும் கூப்பிடப் போவதில்லை.

அந்த அடுக்கை அவர் மூன்று நாள் அடுக்கினார். இழுத்த அன்று காலையிலேயே எல்லோரும் டவருக்குக் கீழே கூடிவிட்டோம். சம்பத் சார் கோயிலிலிருந்து துளசி கொண்டுவந்து சட்டைப் பையில் வைத்திருந்தார்.

மதியம் ஒரு துண்டை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் எடுத்தேன். திரையில் வந்ததை ஒருமுறைக்கு இருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு குழாயும் வட்டமாக, எதுவும் எதையும் தொடாமல், உள்ளே குட்டிக் குழாய்கள் வரிசை பிசகாமல். அத்தனை அழகான குறுக்குவெட்டை எங்கள் லேபில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. இளங்கோ திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சம்பத் சார் அவர் தோளில் கை வைத்து, “சேவிக்கணும் போல இருக்கு இளங்கோ,” என்றார்.

பிறகு நான் அளந்தேன். ஏழு.

அதாவது உள்ளே விட்ட வெளிச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஒரு கிலோமீட்டரில் காணாமல் போகிறது. பழைய பன்னிரண்டுக்கு இது முன்னேற்றம்தான், ஆனால் கேட்டது ஒன்று.

“இன்னொரு வாட்டி அளக்கலாமா மேடம்?” என்றார் இளங்கோ.

ஒவ்வொரு முறை அளக்கும்போதும் சில மீட்டர் வெட்டுப்பட்டுப் போகும். பரவாயில்லை என்றார். மறுபடி வெட்டினேன், மறுபடி ஏழு. மூன்றாவது முறையும் கேட்டார். என் மெஷின்மேல் சந்தேகம் வருமளவுக்கு நான் மட்டமான வேலைக்காரி அல்ல என்று சொல்ல நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வெட்டினேன். அன்று அளவீட்டு அறைத் தரையில் வெட்டுத் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, யாரிடம் என்று தெரியாத கோபம் வந்தது.

5. ஒரு சொல்

கமிட்டித் தலைவர் வெளியூரிலிருந்து வந்திருந்தார். அவர் கேட்ட கேள்வி நியாயமானது. “உங்க டிசைன் சொல்றது ஒரு டிபிக்கு ரொம்பக் கீழ. அளந்தா ஏழு. இந்த வித்தியாசம் எங்கேருந்து வருது?”

எல்லோரும் சம்பத் சாரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஃபேப்ரிகேஷன்,” என்றார்.

பெரிய ஆய்வு நிலையங்களில் அந்தச் சொல்லுக்குள் இருபது பேர் இருப்பார்கள். எங்கள் லேபில் ஃபேப்ரிகேஷன், அதாவது ஃபைபரை இழுத்துச் செய்யும் வேலை, என்றால் இளங்கோ ஒருவர்தான். கமிட்டி எழுதிக்கொண்டது. இளங்கோ மேஜையின் கடைசியில் உட்கார்ந்து தலையை ஆட்டினார், ஆமாம் என்று.

வெளியே வராந்தாவில் நான் அவரிடம், “நீங்க ஏன் எதுவும் சொல்லல?” என்று கேட்டேன்.

“என்னன்னு சொல்றது மேடம்? கணக்கு அங்க சரியா நிக்குது. ஃபைபர் இங்க தப்பா நிக்குது. நடுவுல இருக்கிறவன் நான்தானே.”

மாதக் கடைசியில் அவர் போய்விட்டார். ஒரு சின்ன வழியனுப்பு விழாகூட வைக்கவில்லை, ஒப்பந்த ஊழியருக்கு அந்த வழக்கம் கிடையாது. உலையை ஒரு தொழிற்சாலை விலைக்கு வாங்கிக்கொண்டு போயிற்று. டவரின் இரும்புச் சட்டத்தைப் பிரித்தார்கள். அந்த உயரமான அறையில் இப்போது பழைய நாற்காலிகள் அடுக்கியிருக்கிறார்கள்.

6. முழு வட்டம்

சில மாதம் கழித்து வேறொரு பெரிய வேலைக்காக நிலையத்தில் நல்ல சக்தியுள்ள கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார்கள். மூடிய திட்டத்துக்கு இறுதி அறிக்கை எழுத வேண்டிய வேலை சம்பத் சாருக்கு இருந்தது. அதில் அவருக்கு ஒரு ஆசை. இழுக்கும்போது நடந்த பிழையை எடுத்துவிட்டால் தன் டிசைன் எவ்வளவு சிறந்தது என்று காட்ட வேண்டும். அதற்கு முதலில் பிழையுள்ள ஃபைபரையே கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். ஒரு குழாய் மட்டும் நகர்ந்தால் கண்ணாடிப் பிம்பம் எதுவும் மிஞ்சாது, அதனால் முழு வட்டம் போட்டே ஆக வேண்டும். புது மெஷின் அதைத் தாங்கியது.

ஒரு நாள் முற்பகல் எனக்கு இன்டர்காமில் கூப்பிட்டார். “ஸ்டெல்லா, சித்த வந்துட்டுப் போறேளா?”

போனேன். திரையில் மெல்லிசின் முழு வட்டம் இருந்தது. ஒரே ஒரு குழாயை ஒரு மைக்ரான் பக்கவாட்டில் நகர்த்தியிருந்தார். தலைமுடியை எழுபது பங்காகச் சீவினால் அதில் ஒரு பங்கு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

“கடைசி ஃபைபர்ல உங்க நம்பர் என்ன?”

“ஏழு சார்.”

அவர் திரையின் மூலையைக் காட்டினார். ஏழுக்கு மிக அருகில் ஒரு எண் நின்றது.

எனக்குப் புரியச் சில நொடி ஆனது. கால் வட்டக் கணக்கில், கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் குழாய் இடமோ வலமோ நகரவே முடியாது. மற்றக் குழாயை நகர்த்தினால் அதன் பிம்பங்களும் ஒழுங்காகச் சேர்ந்து நகரும். ஒற்றைக் குழாய் தனியாகச் சற்றே தள்ளி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அந்த மாடலிடம் கேட்கவே வழி கிடையாது. அதனால் நாங்கள் யாரும் கேட்டதில்லை. உலகத்தில் எந்த டவரில் இழுத்தாலும் அந்த ஒரு மைக்ரான் நகரத்தான் செய்யும். இளங்கோ இழுத்த அந்த அழகான ஃபைபரில் அவ்வளவுதான் நகர்ந்திருந்தது.

“தடிசு போட்டுப் பாத்தேளா சார்?” என்று அவர் பேச்சு வழக்கிலேயே கேட்டுவிட்டேன். பதட்டத்தில் அப்படி வந்துவிட்டது.

“பாத்தேன்,” என்றார். திரையில் வேறொரு ஜன்னலைத் திறந்தார். தூக்கிப் போட்ட அந்த டிசைனில், அதே ஒரு மைக்ரான் நகர்த்தலோடு, எண் அசையவே இல்லை என்று சொல்லலாம். ஒன்றுக்குக் கீழேயே நின்றது.

“பெருமாளே,” என்றார் சம்பத் சார், தனக்குள் பேசுகிற குரலில். பிறகு, “அந்தப் பிள்ளையாண்டான் கிட்ட நான்னா போய்ச் சொல்லணும்,” என்றார்.

அறிக்கையில் இதையும் எழுதினார். மறைக்கவில்லை. டைரக்டர் படித்துவிட்டு, “டவரே இல்லையே, இப்ப இத வெச்சு என்ன பண்றது?” என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

7. மண்ணச்சநல்லூர்

எந்த டவரிலாவது வேலை காலியா என்று கேட்டு எப்போதாவது எனக்குப் போன் செய்யும் இளங்கோ, இப்போது மண்ணச்சநல்லூரில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். அங்கே ரைஸ் மில்களில் அரிசியைக் கேமரா வைத்துப் பார்த்து, கறுப்பு அரிசியை மட்டும் காற்றால் ஊதித் தள்ளும் கலர் சார்ட்டர் மெஷின்கள் உண்டு. அவற்றைப் பழுது பார்க்கும் வேலை. சம்பத் சாரும் நானும் சேர்ந்து போவதாகப் பேசி வைத்தோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் காத்திருந்தபோது போன் வந்தது.

“ஏகாதசிக் கூட்டம் ஸ்டெல்லா. ரோட்டை அடைச்சுட்டா. ஸ்கூட்டரை எடுக்க முடியலை.”

ரோட்டை அடைத்திருந்தது உண்மைதான். ஸ்ரீரங்கத்திலிருந்து நடந்து வந்து ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ் ஏறியிருக்கலாம். நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வந்திருப்பார், வந்து அவர் படும் பாட்டையும் நான்தான் பார்க்க வேண்டும். தனியாகவே போனேன்.

மில்லில் தவிட்டுத் தூசி. இளங்கோ மெஷினின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்துக் கேமராக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைமுடியெல்லாம் வெள்ளையாக இருந்தது, தவிடு. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு மூட்டைமேல் துணியை விரித்து, “உக்காருங்க மேடம், என்ன இவ்வளவு தூரம்?” என்றார். டீ சொல்லி அனுப்பினார்.

நான் நல்ல செய்தி கொண்டுவந்தவளைப் போலத்தான் ஆரம்பித்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. முழு வட்டம் போட்டதை, ஒரு மைக்ரான் நகர்த்தியதை, ஏழு வந்ததை எல்லாம் சொன்னேன். அவருக்கு இரண்டு முறை சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

“உங்க கைல தப்பில்ல இளங்கோ. அத யார் இழுத்திருந்தாலும் வந்திருக்காது.”

“யார் இழுத்திருந்தாலுமா?”

“ஆமா.”

அவர் துணியை மடித்தார். பிறகு பிரித்து மறுபடி மடித்தார். “தடிசு?”

நான்கு வருஷம் நான் அவரிடம் எந்த எண்ணையும் மறைத்ததில்லை. “ஒண்ணுக்குக் கீழ நிக்குது. கம்ப்யூட்டர்லதான். இழுத்துப் பாத்தாதான் தெரியும்,” என்றேன்.

“இழுக்கத்தான் டவர் இல்லையே,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மெஷின் இல்லை என்ற விவரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

டீ வந்தது. குடித்தோம். நான் ஆறுதலாக எதையோ பேசினேன், சம்பத் சார் ரொம்ப வருத்தப்படுகிறார் என்றேன், அறிக்கையில் எழுதிவிட்டார் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றார். கடைசியில் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இங்க வந்தும் நான் இழுத்துக்கிட்டேதான் இருந்தேன், மனசுக்குள்ள. மெஷினைக் கழட்டுறப்போ, பஸ்ஸுல போறப்போ. இந்த இடத்துல பிரஷரைக் கொறைச்சிருக்கணும், அந்த இடத்துல ஃபீடை விட்டிருக்கக் கூடாதுன்னு. தப்பு என் கையிலதான்னா, கையைத் திருத்திக்கலாம்ல. எங்கயாவது ஒரு டவர்ல ஒரு சான்ஸ் குடுத்தா இழுத்துருவேன்னு இருந்துச்சு. நாலு வருஷமும் அப்படித்தான் இருந்தேன். இப்ப நீங்க சொல்றது என்னன்னா, நான் எவ்வளவு நல்லா இழுத்தாலும் அது அன்னிக்கே முடிஞ்சுபோன விஷயம்.”

மில் முதலாளி கூப்பிட்டார். அவர் எழுந்து, “பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வரட்டுங்களா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இந்தத் துறைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது சின்ன விஷயம். டிசைனைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருமுறையாவது முழு வட்டமும் போடுங்கள், ஒரு குழாயைத் தனியாக நகர்த்திப் பாருங்கள். மெஷின் தாங்காது என்றால் தாங்கும் மெஷினுக்குக் காத்திருங்கள், அதுவரை எந்தக் காகிதத்திலும் ஃபேப்ரிகேஷன் என்று எழுதாதீர்கள். கணக்கில் மிகச் சிறந்து நிற்பதைவிட, கை கொஞ்சம் பிசகினாலும் தாங்கி நிற்பதே நல்ல டிசைன்.

அது இந்தத் தொழிலுக்கான பாடம், அதை எழுதுவது சுலபம். உன்மேல் தப்பில்லை என்று ஒருவரிடம் சொன்னால் அவர் பாரம் இறங்கிவிடும் என்றுதான் நான் வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தேன். இளங்கோவிடம் அதைச் சொல்லிவிட்டு வந்த பிறகு, எந்த டவரில் வேலை காலி என்று கேட்டு எனக்கு எப்போதாவது வந்துகொண்டிருந்த அவருடைய போன் இப்போது வருவதில்லை.